ஆக்களின்ர மனசைப் பற்றி ஆய்வு செய்யப் போறவைக்கு: ‘வேண்டாம்’ எண்டு சொல்ல வழி வைக்கிறது எப்பிடி

கையெழுத்து வாங்கினால் சம்மதம் வாங்கியாச்சு எண்டு நினைச்சுக்கொண்டுதான் கனபேர் ஆய்வுக்கு இறங்கினம். கம்பஸ் கடைசி வருசப் பிள்ளையள், உளவளத்துணை டிப்ளோமா செய்யிறவை, என்ஜிஓ வேலையா சர்வே எடுக்கப் போறவை எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறன். பதகளிப்பு, மனச்சோர்வு, போருக்குப் பிறகான நெருக்கீடு, ஏ.எல் பிள்ளையளின்ர நித்திரை, போன் பாவனை எண்டு உங்கட தலைப்பு எதுவாயும் இருக்கட்டும். உங்களுக்கு முன்னால இருக்கிற ஆள் ‘எனக்கு இது வேண்டாம் பிள்ளை’ எண்டு சொன்னால் அவருக்கு ஒரு நட்டமும் வராது, உங்களுக்கும் மனவருத்தம் வராது எண்டு அவருக்கு உண்மையா விளங்கியிருக்கோணும். அது விளங்காமல் போட்ட கையெழுத்தை வைச்சு நீங்கள் ஒண்டும் செய்யேலாது.

எங்கட ஊரில இது லேசில்லை. யாழ்ப்பாணத்துச் சனம் படலைக்கு வந்த ஆளுக்கு முகத்துக்கு நேர ஏலாது எண்டு சொல்லாது. கதிரை போட்டு, தேத்தண்ணி வைச்சுத் தந்து, நீங்கள் கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொல்லி அனுப்பிப்போட்டு, நீங்கள் போன பிறகு இரவு முழுக்க நித்திரையில்லாமல் முழிச்சிருப்பினம். உங்களுக்கு அது தெரியவும் வராது. அதால மறுக்கிறதுக்கான வழியை அவை தேடட்டும் எண்டு விடாமல், நீங்களே முதல்ல செய்து வைச்சுக்கொண்டு போகோணும். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

முதல் வேலை, பழைய பரிசோதனையளை வடிவா வாசியுங்கோ. சோதினைக்குப் பாடமாக்கிற மாதிரி வாசிக்காமல், ‘இதில அந்த ஆள் எழும்பிப் போக நினைச்சிருந்தால் என்ன நடந்திருக்கும்?’ எண்ட ஒரு கேள்வியோட வாசியுங்கோ. நாசி டொக்டர்மாரை விசாரிச்ச வழக்கில 1947ல வந்த, மனிசரில பரிசோதனை செய்யிறதுக்கான நூரம்பேர்க் விதிகள் மொத்தம் 10. முதலாவது விதி சுயவிருப்பமான சம்மதம் கட்டாயம் எண்டுது, ஒன்பதாவது விதி பரிசோதனைக்கு உட்படுற ஆள் இனி ஏலாது எண்டு நினைச்சால் நிப்பாட்ட உரிமை இருக்கோணும் எண்டுது. அதுக்கு 14 வருசத்துக்குப் பிறகு 1961ல அமெரிக்காவில யேல் பல்கலைக்கழகத்தில உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் செய்ததைப் பாருங்கோ. பக்கத்து அறையில இருக்கிற ஆள் பிழையான பதில் சொல்லச் சொல்ல கரண்ட் ஷொக் குடுக்கோணும் எண்டு வந்த ஆக்களுக்குச் சொன்னவை. உண்மையில ஷொக் ஒண்டும் போகேல்லை, கத்தினது நடிப்பு. ஆனா குடுத்த ஆளுக்கு அது தெரியாது. அவை வேர்த்து விறுவிறுத்து ‘எனக்கு ஏலாது’ எண்டு சொல்லேக்க, சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஆய்வாளர் ‘தொடருங்கோ’ எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லி கடைசியா ‘உங்களுக்கு வேற வழியில்லை, நீங்கள் தொடரத்தான் வேணும்’ எண்டு சொல்லுவார். முதல்ல எழுதி வெளியிட்ட பரிசோதனையில 40 பேரில 26 பேர் 450 வோல்ட் வரைக்கும் போனவை. எல்லாரும் இந்த 26ஐத்தான் பெரிசாக் கதைக்கினம். எனக்கு அந்த ‘வேற வழியில்லை’ தான் உறுத்துது, ஏனெண்டால் ஒன்பதாவது விதி குடுத்த உரிமையை அந்த ஒரு வசனம் பறிச்சுப்போட்டுது.

அதே மாதிரி 1971 ஓகஸ்டில பிலிப் சிம்பார்டோ ஸ்டான்ஃபோர்ட்டில செய்த சிறைப் பரிசோதனை. நாளுக்கு 15 டொலர் சம்பளத்தில பெடியளை எடுத்து, பாதிப் பேரைக் காவலர் எண்டும் பாதிப் பேரைக் கைதி எண்டும் பிரிச்சு விட்டவை. ரெண்டு கிழமைக்குத் திட்டம் போட்டது ஆறு நாளில நிண்டிட்டுது. இதில நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒண்டிருக்கு. ‘விடுதலை’ கேட்டு வந்த கைதிகளிட்ட, சம்பாரிச்ச காசை விட்டிட்டுப் போக விருப்பமோ எண்டு கேக்க, கனபேர் ஓம் எண்டினம். பிறகு யோசிச்சுச் சொல்லுறம், நீங்கள் அறைக்குப் போங்கோ எண்டவுடன பேசாமல் எழும்பிப் போயிட்டினம். காசும் வேண்டாம் எண்டால் அவையை அங்க பிடிச்சு வைக்க ஒண்டுமே இல்லை, அப்பிடியே வெளியில நடந்து போயிருக்கலாம், ஆனா அது ஒருத்தருக்கும் தோன்றேல்லை. சிம்பார்டோ ஆய்வாளராயும் சிறை அதிகாரியாயும் ரெண்டு தொப்பியும் தானே போட்டிருந்தவர், அதால அவருக்கும் கண் தெரியேல்லை. வெளியில இருந்து வந்து பார்த்த கிறிஸ்டினா மாஸ்லாக் நீங்கள் இந்தப் பெடியளுக்குச் செய்யிறது கொடுமை எண்டு சண்டை பிடிச்ச பிறகுதான் நிப்பாட்டினவை. இதில இருந்து ஒரு விதி எடுங்கோ: நீங்கள் படிப்பிக்கிற பிள்ளையளிட்ட, உங்கட உளவளத்துணைக்கு வாற ஆக்களிட்ட, உங்களுக்குக் கீழ வேலை செய்யிறவையிட்ட நீங்களே போய் தரவு எடுக்காதேங்கோ. கம்பசில சீனியர் ஜூனியரிட்ட போம் நீட்டுறதும் இதுக்குள்ளதான் அடங்கும். ஜூனியர் எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?

அடுத்தது எதிக்ஸ் கமிட்டி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில ஒழுக்க மீளாய்வுக் குழு இருக்கு, உங்கட நிறுவனத்துக்கு எந்தக் குழு எண்டு சுப்பவைசரிட்டக் கேட்டு, முதல் ஆளைச் சந்திக்க முதலே அனுமதி எடுங்கோ. தரவு எடுத்து முடிச்சுப்போட்டு அனுமதி கேக்கேலாது. போம் நிரப்பிறது அலுப்புத்தான், காலமும் எடுக்கும், ஆனா அந்த அலுப்புக்குள்ள ஒரு நல்லது இருக்கு, நீங்கள் யோசிக்காத இடத்தை இன்னொரு ஆள் யோசிப்பார். பக்கத்தில ஒரு மாஸ்லாக் உங்களுக்குத் தற்செயலா வந்து வாய்க்கும் எண்டு நம்பியிருக்கேலாது.

கேள்விக்கொத்து எழுதேக்க ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில ‘இது எனக்கு ஏன் தேவை?’ எண்டு எழுதிப் பாருங்கோ. ஏ.எல் சோதினைப் பதகளிப்பைப் பற்றின ஆய்வில வீட்டில ஆர் செத்தது, எந்த முகாமில இருந்தனீங்கள் எண்டு கேக்கிறதை நான் ஏற்கமாட்டன். சும்மா கேட்டு வைப்பம் எண்டு கேக்கிற கேள்வி ஒரு ஆளின்ர மூண்டு நாளைக் குழப்பும். காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமாரிட்டப் போறதெண்டால் இன்னும் கடுமையா யோசியுங்கோ. அவை 2010ல எல்.எல்.ஆர்.சி எண்ட நல்லிணக்க ஆணைக்குழுவுக்குச் சொல்லிச்சினம், 2013ல வந்த பரணகம ஆணைக்குழுவுக்குச் சொல்லிச்சினம், ஓ.எம்.பி எண்ட காணாமல் போன ஆக்களுக்கான அலுவலகத்துக்குச் சொல்லிச்சினம், 2017ல இருந்து றோட்டோரத்தில குந்தியிருந்து வாற போற எல்லாருக்கும் சொல்லிச்சினம், இடையில எத்தினையோ பத்திரிகைக்காரர், வெளிநாட்டு மாணவர். எழுதி வந்தது கனக்க இருக்கு, அதை வாசிச்சாலே உங்கட கேள்விக்குப் பதில் கிடைக்குமெண்டால் அந்த வீட்டுக்குப் போகாதேங்கோ. மனநல வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம் எங்கட பக்கத்து மனவடுவைப் பற்றி எழுதேக்க அது தனி ஆளோட நிக்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்கின ஒண்டு எண்டு காட்டினவர். அப்பிடியெண்டால் ஒரு அம்மாவிட்டக் கேக்கிற கேள்வி பக்கத்தறையில இருக்கிற மகளுக்கும் கேக்குது எண்டதை மனசில வைச்சிருங்கோ.

ஊருக்க போகேக்க ஆரோட போறீங்கள் எண்டது பெரிய விசயம். கிராம சேவையாளரிட்ட அறிவிக்கிறது சரி, ஆனா அவரையே கூட்டிக்கொண்டு வீடு வீடாப் போனால் அந்த வீட்டில ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லமாட்டினம், நாளைக்கு நிவாரணப் பட்டியலில பேர் எழுதுறதும் அவர்தானே. அதே போல பள்ளிக்கூடத்தில அதிபரோ வகுப்பு ரீச்சரோ பக்கத்தில நிக்கேக்க பிள்ளையளிட்டப் போம் குடுக்காதேங்கோ. முதல் நாள் விசயத்தை மட்டும் சொல்லிப்போட்டு ஒரு துண்டைக் குடுத்திட்டு வாங்கோ. அடுத்த நாளோ அதுக்கடுத்த நாளோ விருப்பமான ஆக்கள் உங்களுக்கு ஒரு மிஸ்ட் கோல் அடிக்கட்டும். அடிக்காட்டி அதுதான் பதில், திருப்பி எடுத்துக் கேக்கப்படாது. இப்பிடிச் செய்தால் ஆக்கள் குறையும், உண்மைதான், உங்கட சாம்பிள் அளவு குறையும், அதைக் குறைபாடு எண்டு ரிப்போட்டில எழுதுங்கோ.

இனி கையெழுத்து. எங்கட சனத்துக்குப் பேர் எழுதிக் கையெழுத்துப் போடுறதில ஒரு பயம் இருக்கு, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கு. வெள்ளைப் பேப்பரில பேர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் எழுதிக் குடுத்த பிறகு சீஐடி வீட்டுக்கு வந்த கதையள் எல்லா ஊரிலயும் இருக்கு. அதால உங்கட விசயத்தில பேரோட கையெழுத்து உண்மையா ஆளைப் பாதுகாக்குதோ இல்லாட்டி ஆபத்தாக்குதோ எண்டு யோசியுங்கோ. வாய்மொழிச் சம்மதமும் ஒரு வழிதான், சாட்சியோட எடுக்கலாம், ஆனா ஏன் அப்பிடி எண்டு காரணம் எழுதி எதிக்ஸ் கமிட்டியிட்ட முதலே ஒப்புதல் எடுக்கோணும். அடையாள அட்டை இலக்கம் உங்கட ஆய்வுக்கு எதுக்கு? வெட்டி எறியுங்கோ.

சம்மதப் படிவத்தை இங்கிலிசில இருந்து மொழிபெயர்த்து செந்தமிழில வைச்சுக்கொண்டு ‘தாங்கள் இவ்வாய்வில் பங்கேற்பதற்கு’ எண்டு வாசிச்சால் அம்மம்மாமார் ஓம் ஓம் எண்டு தலையாட்டுவினம், ஒண்டும் விளங்கியிராது. கதைக்கிற மாதிரி எழுதுங்கோ. நான் சொல்லிக் குடுக்கிறது இப்பிடி:

‘அம்மா, நான் கம்பசில படிக்கிறன். வயசான ஆக்களின்ர நித்திரையைப் பற்றி ஒரு ஆய்வு செய்யிறன். அரை மணித்தியாலம் போல கேள்வி கேப்பன், சிலது மனசுக்குக் கஸ்டமா இருக்கலாம். இதால உங்களுக்கு வீட்டுத்திட்டமோ நிவாரணமோ காசோ ஒண்டும் வராது, நான் ஒரு என்ஜிஓவும் இல்லை, பேர் பதியவும் வரேல்லை. உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லலாம், நான் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிடுவன். இடையில நிப்பாட்டோணும் எண்டாலும் காரணம் சொல்லத் தேவையில்லை. வாற மாதம் கடைசிக்குள்ள போன் எடுத்து என்ர கதையை அழிச்சுவிடு எண்டாலும் அழிச்சு விடுவன். நான் இப்ப சொன்னதில உங்களுக்கு என்ன விளங்கினது எண்டு ஒருக்கா எனக்குச் சொல்லுங்கோவன்.’

கடைசி வசனம்தான் முக்கியம். ‘விளங்கினதோ?’ எண்டு கேட்டால் ஓம் எண்டுதான் வரும், திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் உண்மை தெரியும். கனபேர் ‘வீடு தரப் போறியள் எண்டு விளங்கினது’ எண்டு சொல்லுவினம், அப்ப திருப்பி முதல்ல இருந்து தொடங்குங்கோ. 2004 சுனாமிக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் போமோட வந்த ஆக்கள் எல்லாரும் ஏதோ ஒண்டு குடுக்கத்தான் வந்தவை எண்ட பழக்கம் சனத்துக்கு இருக்கு, அதைத் தெரிஞ்சுகொண்டும் தெளிவுபடுத்தாமல் விடுறது ஏமாத்துறதுதான்.

காசு பற்றி. பஸ் காசு, ஒரு நாள் கூலி போனால் அதுக்கு ஈடு எண்டு குடுக்கலாம், ஆனா மைக்ரோ ஃபினான்ஸ் கடனோட இருக்கிற பொம்பிளைக்கு மறுக்கவே ஏலாத அளவு காசைக் காட்டப்படாது. வந்ததுக்கான காசை முதலே குடுத்திடுங்கோ, இடையில நிப்பாட்டினாலும் அது அவையின்ர காசு எண்டு சொல்லிக் குடுங்கோ. மில்கிராம் கூட நாலரை டொலரை வந்ததுக்குத்தான் தந்தது, என்ன நடந்தாலும் அது உங்கட எண்டு முதலே சொன்னவர், அந்த ஒரு விசயத்தில அவர் செய்தது சரி.

எங்க இருந்து கதைக்கிறது? முன் விறாந்தையில இருந்தால் மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, ரியூசனுக்குப் போற பெடியன் எண்டு எல்லாரும் வந்து குந்துவினம், கேட்ட கேள்விக்கு மற்ற ஆள் பதில் சொல்லும். தனிய அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினால் ஊர் வேற கதை கட்டும். கோயில் மடம், சனசமூக நிலையம், வளவுக்குள்ள மாமரத்தடி எண்டு ஆக்கள் பார்க்கலாம் ஆனா கேக்கேலாத இடம் ஒண்டை அவையிட்டயே கேட்டுத் தெரிவு செய்யுங்கோ. ஆரும் கிட்ட வந்தால் நித்திரையில இருந்து சாப்பாட்டுக்குப் பேச்சை மாத்திறதுக்கு ரெண்டு மூண்டு சாதாரண கேள்வியை ஒழுங்குபண்ணி வைச்சிருங்கோ.

பிள்ளையள் விசயத்தில நான் இன்னும் கடுமை. 1920ல ஜோன் வொட்சனும் றோசலி றேனரும் ‘அல்பேட்’ எண்டு சொல்லப்பட்ட கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டிக் காட்டி பின்னால இரும்புக் கம்பியில சுத்தியலால அடிச்சுப் பயம் பழக்கினவை, அந்தப் பயத்தை எடுக்காமலே குழந்தை போயிட்டுது. 1939ல அமெரிக்காவில அயோவா பல்கலைக்கழகத்து வெண்டல் ஜோன்சன்ர மேற்பார்வையில அநாதை விடுதிப் பிள்ளையள் 22 பேரை வைச்சு ஒரு ஆய்வு நடந்தது, நல்லாக் கதைச்ச பிள்ளையளில கொஞ்சப் பேருக்கு உனக்குக் கொன்னை தொடங்குது எண்டு சொல்லிச் சொல்லி அவையைக் கதைக்கவே கூச்சப்பட வைச்சினம். அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001ல. ஏன் அந்தப் பிள்ளையளைத் தெரிவு செய்தவை? ‘என்ர பிள்ளையை விடு’ எண்டு கேக்க ஒரு தாய் தேப்பன் பக்கத்தில இல்லை. எங்கட பக்கத்திலயும் சிறுவர் இல்லங்கள் இருக்கு, ஆய்வுக்கு வசதி எண்டு அங்க ஓடுற பழக்கமும் இருக்கு. வசதி ஒரு காரணமில்லை. அந்தப் பிள்ளையளைப் பற்றியே அறிய வேண்டிய, அவைக்கே பிரயோசனப்படுற கேள்வி இருந்தால் மட்டும், நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்கள அனுமதியோட போங்கோ. பள்ளிக்கூடமெண்டால் வலயக் கல்வி அலுவலகம், அதிபர், பெற்றோர் எல்லாரின்ர அனுமதியும் வேணும், அதுக்கு மேல பிள்ளையின்ர விருப்பம் வேணும். 18க்குக் கீழ எண்டாலும் பிள்ளை தலையை ஆட்டி மாட்டன் எண்டால் அம்மா போட்ட கையெழுத்து செல்லாது. விருப்பமில்லாத பிள்ளை மற்றப் பிள்ளையளுக்குத் தெரியாமல் விலக வழி வையுங்கோ: எல்லாருக்கும் போம் குடுங்கோ, பின்பக்கத்தில படம் கீறவோ சொல் விளையாட்டுக்கோ ஒரு தாள் சேருங்கோ, விருப்பமில்லாத பிள்ளை அதைச் செய்துகொண்டிருக்கும், வெளியில பார்க்க எல்லாரும் எழுதுற மாதிரித்தான்.

உண்மையை மறைச்சுச் செய்யிற பரிசோதனை, அதாவது சொலமன் ஆஷ் 1951ல கோடுகளின்ர நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் செய்த பரிசோதனை மாதிரி நண்பர்மாரை வேணுமெண்டு பிழையாச் சொல்ல வைச்சு ஒரு ஆளை மட்டும் ஏமாத்திறது, கம்பஸ் பிள்ளையளுக்கு நல்ல விருப்பம். வேற வழியே இல்லையெண்டால் மட்டும் செய்யுங்கோ. முடிஞ்ச கையோட தனியக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லி, உங்கட தரவைப் பாவிக்கலாமோ எண்டு திருப்பி ஒருக்காக் கேளுங்கோ, மாட்டன் எண்டால் அந்தத் தாளை அவருக்கு முன்னாலயே கிழியுங்கோ. வகுப்பு முழுக்க அவரைப் பார்த்துச் சிரிக்க விடப்படாது. பஸ் ஸ்ராண்டில கமராவை ஒளிச்சு வைச்சு ‘சோஷல் எக்ஸ்பெரிமென்ற்’ எண்டு யூரியூப்பில போடுறது ஆய்வே இல்லை, ஏழைப்பட்ட சனத்தின்ர கண்ணீரைக் காட்டி வியூஸ் எடுக்கிறது, அதைப் பற்றி இதுக்கு மேல எழுதேல்லை.

கூகிள் போம்முக்கு வருவம், இப்ப முக்கால்வாசி ஆய்வு அதிலதானே நடக்குது. 2012 ஜனவரியில ஃபேஸ்புக் ஒரு கிழமைக்கு 689,003 பேரின்ர நியூஸ்ஃபீட்டை மாத்தி அவையின்ர மனநிலை மாறுதோ எண்டு பார்த்தது, 2014ல கட்டுரை வந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரியும், கேட்டதுக்கு நீங்கள் கணக்குத் திறக்கேக்க விதிமுறைக்கு ஓம் எண்டனீங்கள்தானே எண்டினம். உங்கட போம்மில மேல ‘சம்மதிக்கிறேன்’ எண்டு ஒரு ரிக் வைச்சிட்டு விடுறதும் அதே வேலைதான். எந்தக் கேள்வியையும் கட்டாயம் எண்டு வைக்காதேங்கோ, இமெயில் சேகரிக்கிற செற்றிங் ஓனில இருக்கோ எண்டு பாருங்கோ, ‘பேர் தேவையில்லை’ எண்டு எழுதிப்போட்டு இமெயிலை எடுத்தால் அது பொய்.

இதில பெரிய சிக்கல் பிஎச்கியூ-9 மாதிரி மனச்சோர்வுக் கேள்விக்கொத்து. அதின்ர ஒன்பதாவது கேள்வி செத்துப் போனால் நல்லம் எண்ட நினைப்பு, தன்னைத் தானே காயப்படுத்திற நினைப்பு வந்ததோ எண்டு கேக்குது. வட்ஸ்அப் குறூப்பில பேரில்லாத போம்மைப் பரப்பி, ஒரு பிள்ளை அதில ‘கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்’ எண்டு போட்டால் நீங்கள் என்ன செய்வியள்? ஆரெண்டு தெரியாது, உதவ ஏலாது. ஆரெண்டு தெரிஞ்சால் ரகசியம் எண்டு குடுத்த வாக்கு என்னாகும்? இதுக்கு முதலே முடிவெடுக்கோணும். உதவ வழியில்லாத ஒன்லைன் சர்வே எண்டால் அந்தக் கேள்வியை எடுத்து விடுங்கோ, எட்டுக் கேள்வியோட பாவிக்கிற பிஎச்கியூ-8 இருக்கு. கேக்கிறதெண்டால் நேர கேளுங்கோ, ‘உங்கட உயிருக்கு ஆபத்து எண்டு எனக்குத் தெரிஞ்சால் மட்டும் ஒரு டொக்டரிட்டச் சொல்லுவன்’ எண்டு தொடக்கத்திலயே சொல்லுங்கோ, நிரப்பின அண்டைக்கே அந்த இடத்திலயே ஒன்பதாவதைப் பாருங்கோ, வீட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டு கிழமை கழிச்சு எக்செல்லில பார்க்கிறது குற்றம்.

ஆள் அழத் தொடங்கினால் ரெக்கோடரை நிப்பாட்டுங்கோ, பேனையைக் கீழ வையுங்கோ, அடுத்த கேள்விக்குப் போகாதேங்கோ. தண்ணி குடுத்து, பேசாமல் பக்கத்தில இருங்கோ. கொஞ்ச நேரத்தால ‘இதோட நிப்பாட்டுவம் அம்மா’ எண்டு நீங்களே சொல்லுங்கோ, ‘தொடரலாமோ?’ எண்டு கேட்டால் உங்களுக்காக ஓம் எண்டுதான் சொல்லுவா. ஊருக்க இறங்க முதலே பிரதேச செயலகத்து உளவளத்துணை உதவியாளரோட, யாழ் போதனா இல்லாட்டி தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மனநலப் பிரிவோட கதைச்சு, ஆரையும் அனுப்பினால் பார்ப்பியளோ எண்டு கேட்டு வையுங்கோ. 1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கத்தைத் துண்டில அடிக்கிறதெண்டால் நீங்கள் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ, தமிழில கதைக்க ஆள் வருகுதோ, எந்த நேரத்தில வருகுதோ எண்டு தெரியாமல் இன்னொரு ஆளுக்கு அந்த இலக்கத்தைக் குடுக்கிறது சரியில்லை. பிறகு நீங்களும் ஆரோடயாவது கதையுங்கோ, கேட்டுக்கொண்டு வாறது உங்களுக்குள்ளயும் தங்கும்.

தரவைப் பற்றிச் சுருக்கமா. பேரை மாத்திறது மட்டும் காணாது. ‘தீவுப்பகுதியில ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியை, கணவன் 2008ல காணாமல் போனவர்’ எண்டு எழுதினால் அந்த ஊர்ச் சனத்துக்கு ஆரெண்டு உடன விளங்கும், ஊர், தொழில், வருசம் மூண்டில ரெண்டையாவது மழுக்குங்கோ. ரெக்கோடிங் உங்கட போனில கிடந்தால் அது தானா கிளவுட்டுக்குப் போகும், போனைத் திருத்தக் குடுக்கேக்க கடைக்காரப் பெடியனிட்டயும் போகும், அண்டண்டைக்கே பாஸ்வேட் போட்ட இடத்துக்கு மாத்திப்போட்டு போனில அழியுங்கோ. 2022ல வந்த 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருக்கா வாசியுங்கோ, சுகாதாரம் சம்பந்தமான தரவை அது தனி வகையாத்தான் பார்க்குது.

ஆய்வு முடிஞ்சு பட்டமும் எடுத்த பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகாமல் விடுறதுதான் வழமை, அதை மாத்துங்கோ. ரெண்டு பக்கத்தில பேச்சுத்தமிழில என்ன கண்டுபிடிச்சனீங்கள் எண்டு எழுதிக் கொண்டுபோய்க் குடுங்கோ, சனசமூக நிலையத்தில பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ, நீங்கள் எழுதினது பிழை எண்டு ஆரும் சொன்னால் குறிச்சுக்கொண்டு வந்து ரிப்போட்டில சேருங்கோ. ரெக்கோடிங்கை அழிக்கிறன் எண்டு சொன்ன திகதியை இப்பவே போன் கலண்டரில போட்டு வையுங்கோ, அந்தத் திகதியில அழிச்சுப்போட்டு, போன் நம்பர் தந்த ஆக்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ.